டிவிடி காப்பு நகல் உங்கள் விருப்பப்படி ஓட வேண்டுமா? ஏழு வட்டுகளைப் பாழாக்கியபின் எழுதும் வழிகாட்டி

வட்டைப் போட்டதும் எச்சரிக்கைத் திரை வரும். அதன்பின் ஒரு லோகோ, இன்னொரு லோகோ, ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி வரும் மெனு. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரையில் ஒரு தடைக்குறி. இவ்வளவையும் கடந்து படம் தொடங்கினால், வேண்டாத மொழியில் பேச்சு வரும், சப்டைட்டில் அணைந்திருக்கும். வீட்டில் காது மங்கிய பெரியவர் ஒருவர் தினமும் இந்த வரிசையைக் கடக்கத் திணறுவதைப் பார்த்துத்தான், வட்டின் நகலைத் திருத்தும் இந்த வேலையில் நான் இறங்கினேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்தேன். மூன்று வாரமும் ஏழு வெற்று வட்டுகளும் போயின. நீங்கள் ஒரு வட்டோடு முடிக்கலாம்.

1. உங்களிடம் இருப்பது எந்த நகல் என்று பாருங்கள்

இதற்குத் தேவை பூட்டில்லாத ஒரு டிவிடி நகல். நீங்களே பதிவு செய்தவை, வீடியோக்காரர் எடுத்துத் தந்தவை, உரிமையாளர் நகலெடுக்க அனுமதித்தவை ஆகியவற்றில் பெரும்பாலும் சிக்கல் இராது. பெரும்பாலான வணிக வட்டுகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். கீழே சொல்லும் திருத்தும் கருவிகள் அதைத் திறக்கமாட்டா. காசு கொடுத்து வாங்கிய வட்டேயானாலும் பூட்டை உடைப்பதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. உங்கள் நாட்டு நிலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நகல் ஃபோல்டராக இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டும் அடங்கிய ஒரே கோப்பு) இருந்தால் அதை மவுன்ட் செய்து, அதாவது கணினியில் ஒரு வட்டுபோல ஏற்றி, அங்கேயே திருத்த முயலாதீர்கள், மவுன்ட் செய்த வட்டில் எதையும் எழுத முடியாது. உள்ளே இருப்பதை ஒரு ஃபோல்டருக்குப் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் போதும்.

வட்டிலிருந்து நேராக நகலெடுத்த கோப்புகளில் 'படிக்க மட்டும்' என்ற குறி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. எல்லாம் திருத்தி முடித்துச் சேமிக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். முதலிலேயே எல்லாக் கோப்புகளையும் தேர்ந்து, பண்புகளில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

2. ஃபோல்டருக்குள் எது எது என்று பழகுங்கள்

வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்தால் மூன்று வகைக் கோப்புகள் தெரியும். விஓபி என்று முடிபவை படமும் ஒலியும் சப்டைட்டிலும். ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாது, அதனால்தான் ஒரே படம் நாலைந்து துண்டுகளாகக் கிடக்கிறது. ஐஎஃப்ஓ என்று முடிபவை சில கிலோபைட் அளவே உள்ள சின்னக் கோப்புகள். எது முதலில் ஓடும், மெனு எங்கே போகும், எந்தப் பொத்தான் வேலை செய்யும் என்ற புத்தியெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பியுபி என்பது ஐஎஃப்ஓவின் அச்சு அசல் பிரதி. வட்டில் கீறல் விழுந்து ஐஎஃப்ஓவைப் படிக்க முடியாமல் போனால் பிளேயர் அதை எடுத்துக்கொள்ளும்.

நாம் கை வைக்கப் போவது பெரும்பாலும் ஐஎஃப்ஓவில் மட்டும். படத்தை மறுபடி என்கோட் செய்யப் போவதில்லை. ஆகவே தரம் துளியும் குறையாது, சேமிக்க ஆகும் நேரமும் சில நொடிதான். இது தெரியாமல் நான் முதல் வாரம் முழுவதும் வீடியோ மாற்றும் மென்பொருளை ஓடவிட்டு இரவெல்லாம் கணினியைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.

பிஜிசி என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டில் தொடர்ச்சியாக ஓடும் ஒரு பகுதி ஒரு பிஜிசி. எச்சரிக்கைத் திரை ஒன்று, மெனு ஒன்று, படம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிஜிசிக்கும் ஓடுமுன் நடக்கும் கட்டளைகள், ஓடியபின் நடக்கும் கட்டளைகள் என்று உண்டு. வட்டைச் செருகியதும் பிளேயர் முதலில் தேடிப் போவது 'ஃபர்ஸ்ட் பிளே' என்ற பிஜிசியை.

3. கருவிகள், செலவு, நேரம்

பிஜிசிஎடிட்: இந்த வேலையின் முதுகெலும்பு. இலவசம். டிசிஎல்/டிகே மொழியில் எழுதப்பட்டதால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு. தோற்றம் பழையது, பார்த்து மிரளாதீர்கள்.

ஐஎஃப்ஓஎடிட்: இதுவும் இலவசம், விண்டோஸுக்கு. ஒரு சின்னப் பண்பை மட்டும் மாற்ற வசதி.

விஎல்சி: கணினியில் ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்க.

இம்க்பர்ன்: கடைசியில் வட்டில் பர்ன் செய்ய, அதாவது எழுத.

இவற்றை நிறுவும்போது கூடவே வேறு எதையாவது ஒட்டிவிடுகிறதா என்று ஒவ்வொரு திரையையும் படித்து டிக்கை எடுங்கள். பழைய இலவச மென்பொருள்களைத் தரும் தளங்கள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு.

மென்பொருளுக்குச் செலவில்லை. செலவெல்லாம் வெற்று வட்டில். அதனால் அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்றை முதலில் வாங்குங்கள். ஆயிரம் தடவைவரை எழுதலாம் என்பது அதன் கணக்கு. நான் கடைசியாக வாங்கியது அதைத்தான். முதலிலேயே வாங்கியிருந்தால் ஏழு வட்டும் தப்பியிருக்கும்.

நேரம்: முதல் வட்டுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் ஒன்றிரண்டு மணி நேரம் போகும். திருத்தம் பத்து நிமிடம். கை பழகிவிட்டால் ஒரு வட்டுக்கு அரை மணி.

4. காப்பு நகலுக்கும் ஒரு காப்பு, கூடவே ஒரு தாள்

விஓபிகளை விட்டுவிட்டு ஐஎஃப்ஓ, பியுபி கோப்புகளை மட்டும் 'அசல்' என்ற தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. எதாவது குழம்பினால் அவற்றைத் திரும்ப ஒட்டினால் போதும். விஓபியையும் தொடும் ஒரு வேலை கீழே ஏழாவது படியில் வருகிறது, அதற்கு மட்டும் முழு ஃபோல்டருக்கும் நகல் வேண்டும்.

பிறகு ஒரு தாள் எடுத்து, ஒரு தடவை வட்டை ஓடவிட்டு எழுதுங்கள்: என்னென்ன திரை எந்த வரிசையில் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி, ஆடியோ எத்தனை, சப்டைட்டில் எத்தனை, எது எத்தனையாவது. நொடிக்கணக்கு முக்கியம். பிஜிசிஎடிட்டில் பட்டியலைத் திறந்தால் பிஜிசிகள் எண்களாகத்தான் தெரியும், எது எச்சரிக்கை எது லோகோ என்று அடையாளம் காட்டுவது அவற்றின் கால அளவுதான்.

5. கை வைக்கும் முன் டிரேஸ்

பிஜிசிஎடிட்டில் ஃபோல்டரைத் திறந்ததும் எதையும் மாற்றாதீர்கள். டிரேஸ் என்ற வசதியை ஓட்டுங்கள். பிளேயர் எப்படி ஒவ்வொரு கட்டளையாகப் படித்துத் தாவுமோ அப்படியே அடி அடியாகக் காட்டும். ஃபர்ஸ்ட் பிளேயில் தொடங்கி, படம் ஓடத் தொடங்கும் இடம்வரை போங்கள். வழியில் எந்தெந்த பிஜிசி வருகிறதோ தாளில் குறியுங்கள்.

அப்போது ஜிபிஆர்எம், எஸ்பிஆர்எம் என்ற பெயர்கள் கண்ணில் படும். ஜிபிஆர்எம் என்பவை வட்டு தன் நினைவுக்காக வைத்துக்கொள்ளும் 16 பெட்டிகள். வட்டு தொடங்கும்போது எல்லாவற்றிலும் பூஜ்யம். எஸ்பிஆர்எம் 24 உண்டு, அவை பிளேயருடையவை. 1 என்பது இப்போதைய ஆடியோ, 2 இப்போதைய சப்டைட்டில், 16 பயனர் விரும்பும் ஆடியோ மொழி, 18 விரும்பும் சப்டைட்டில் மொழி. இந்த நான்கு எண் தெரிந்தால் பாதிக் கட்டளைகள் விளங்கிவிடும்.

6. வேண்டாத தொடக்கத் திரைகளைத் தாண்டுவது

எல்லாரும் முதலில் செய்யும் தவறு இங்கேதான். ஃபர்ஸ்ட் பிளேயில் இருக்கும் கட்டளைகளை அழித்துவிட்டு, 'டைட்டில் 1க்குத் தாவு' என்று ஒரே வரி எழுதுவது (டைட்டில் என்பது வட்டில் உள்ள படம் போன்ற ஒரு தனி நிகழ்ச்சி). ஓடும். உடனே படம் வரும். கொண்டாடிவிட்டுப் பர்ன் செய்வோம். படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது. காரணம், நான் தாண்டிய எச்சரிக்கைத் திரையின் கட்டளைகளில் ஒரு ஜிபிஆர்எம்மில் ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். படம் முடிந்தபின் எந்த மெனுவுக்குத் திரும்புவது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் வட்டு முடிவு செய்கிறது. நான் அந்த வழியாகப் போகவேயில்லை, பெட்டியில் பூஜ்யம்.

சரியான வழி: கட்டளைகளை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் திரையின் காட்சியை மட்டும் ஓடாமல் செய்வது. பிஜிசிஎடிட்டில் 'கில் பிளேபேக்' என்று இருக்கும். எச்சரிக்கை பிஜிசியைத் தேர்ந்து அதைச் செய்தால், பிளேயர் அங்கே போகும், கட்டளைகளை நிறைவேற்றும், எதையும் காட்டாமல் அடுத்ததற்கு நகரும். பார்ப்பவருக்கு ஒரு கண் சிமிட்டல்தான்.

கவனிக்க வேண்டியவை சில. பொத்தான்கள் உள்ள மெனுவை இப்படிக் கொல்லக் கூடாது, பொத்தானுக்குள்ளும் கட்டளை உண்டு. எச்சரிக்கையும் படமும் ஒரே பிஜிசியில் அடுத்தடுத்த செல்களாக (பிஜிசிக்குள் இருக்கும் சின்னத் துண்டுகள்) இருந்தால் முழு பிஜிசியையும் கொன்றால் படமும் போய்விடும். அந்த மாதிரி வட்டுக்கு விஓபியிலேயே அந்தச் செல்லை வெறுமையாக்கும் வோப்பிளாங்கர் போன்ற கருவி வேண்டும். முதல் வட்டிலேயே அதில் இறங்காதீர்கள்.

நீங்களே தாவல் கட்டளை எழுதுவதானால் எல்லை விதி ஒன்று உண்டு. 'எந்த டைட்டிலுக்கும் தாவு' என்ற கட்டளை ஃபர்ஸ்ட் பிளேயிலும் வட்டின் முதன்மை மெனுப் பகுதியிலும் மட்டுமே செல்லும். படத்துக்குள்ளிருந்து இன்னொரு டைட்டில் தொகுப்பில் உள்ள டைட்டிலுக்கு நேராகத் தாவ முடியாது, மெனுப் பகுதி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். இதை மீறிய கட்டளை கணினியில் ஓடிவிடலாம், டிவி அருகில் உள்ள பிளேயர் உறைந்து நிற்கும்.

7. ரிமோட்டின் பூட்டை அவிழ்ப்பது

அந்தத் தடைக்குறிக்குக் காரணம் பயனர் தடைகள். வேகமாக ஓட்டுதல், அடுத்த பகுதிக்குப் போதல், மெனு, ஆடியோ மாற்றம் என்று 25 செயல்களைத் தனித்தனியே தடுக்கலாம். இந்தத் தடை மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கும்: ஐஎஃப்ஓவின் டைட்டில் பட்டியலில், ஒவ்வொரு பிஜிசியில், விஓபிக்குள் சுமார் அரை நொடி முதல் ஒரு நொடிக்கு ஒரு தடவை வரும் வழிகாட்டும் தரவுப் பொதிகளில். ஐஎஃப்ஓவில் நீக்கியும் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் விஓபியிலும் நீக்க வேண்டும். பிஜிசிஎடிட் இரண்டையும் செய்யும். விஓபி முழுவதையும் படித்து எழுதுவதால் அதற்குச் சில நிமிடம் ஆகும்.

ஒரேயடியாக எல்லாத் தடைகளையும் நீக்கும் ஆசை வரும். படம் ஓடும் பிஜிசிகளில் தாராளமாக நீக்குங்கள். தொடக்கத்தில் கணக்குகளைப் போட்டு வைக்கும் சின்ன பிஜிசிகளில் விட்டுவிடுங்கள். அங்கே தடை இருப்பது பெரும்பாலும் உங்களைச் சிறைவைக்க அல்ல. கணக்கு போட்டு முடியும்முன் யாராவது மெனு பொத்தானை அழுத்தினால் வட்டு திசை தெரியாமல் நிற்கும் என்பதற்காக.

8. விரும்பிய மொழியும் சப்டைட்டிலும் தானாக வர

எனக்கு வேண்டியிருந்தது இதுதான், அதிக நாள் தின்றதும் இதுதான்.

முதலில் கட்டளையே எழுதாமல் முடியுமா என்று பாருங்கள். பல வட்டுகளில் ஆடியோவுக்கு மொழிக்குறி போட்டிருக்க மாட்டார்கள், ரிமோட்டில் அழுத்தினால் 'மொழி தெரியாதது' என்று வரும். உங்கள் பிளேயரின் அமைப்பில் விருப்ப மொழி தமிழ் என்று வைத்திருந்தாலும், எது தமிழ் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஐஎஃப்ஓஎடிட்டில் அந்த ஆடியோவின் பண்பைத் திறந்து மொழியை மாற்றிச் சேமியுங்கள். மொழிக்குறி இரண்டு எழுத்துகளாகப் பதிவாகும், தமிழுக்கு அது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 7461. பியுபியையும் புதுப்பிக்கவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். வட்டு தானாக வேறு மொழியைத் திணிக்காதவரை இதுவே போதும்.

போதாவிட்டால் 'செட்எஸ்டிஎன்' கட்டளை. ஆடியோ, சப்டைட்டில், கேமரா கோணம் மூன்றையும் இது நிர்ணயிக்கும். இதைப் படத்தின் பிஜிசியில் ஓடுமுன் கட்டளைகளில் வையுங்கள். எண்கள்தான் சிக்கல். ஒரு வட்டில் 8 ஆடியோ, 32 சப்டைட்டில்வரை இருக்கலாம், இரண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். ரிமோட்டில் 2 என்று காட்டும் ஆடியோ கட்டளையில் 1. சப்டைட்டிலுக்கு அந்த எண்ணோடு 64 கூட்டினால்தான் அது திரையில் தெரியும்: முதல் சப்டைட்டில் 64, இரண்டாவது 65. வெறும் 1 என்று எழுதினால் இரண்டாவது சப்டைட்டில் தேர்வாகும், ஆனால் திரையில் வராது. எனது மூன்று வட்டுகள் இந்த 64இல் போயின. அணைத்து வைத்தாலும், தேர்வான சப்டைட்டிலில் கட்டாயம் காட்ட வேண்டும் என்று குறித்த வரிகள் மட்டும் வரும். அது பிழை அல்ல.

இப்போது இன்னொரு பொறி. படம் தொடங்கும்போதெல்லாம் இந்தக் கட்டளை ஓடும். மெனுவுக்குப் போய் வேறு சப்டைட்டிலைத் தேர்ந்து படத்துக்குத் திரும்பினாலும் உங்கள் கட்டளை அந்தத் தேர்வை மிதித்துப் போடும். ஆகவே முதல் தடவை மட்டும் ஓடச் செய்ய வேண்டும். வட்டின் எந்தக் கட்டளையும் தொடாத ஒரு ஜிபிஆர்எம்மைத் தேடிப் பிடியுங்கள். 13 சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இப்படி:

வரி 1: ஜிபிஆர்எம் 13இல் 1 இருந்தால் வரி 4க்குப் போ
வரி 2: செட்எஸ்டிஎன், ஆடியோ 1, சப்டைட்டில் 64
வரி 3: ஜிபிஆர்எம் 13இல் 1ஐப் போடு
வரி 4 முதல்: பழைய கட்டளைகள்

பழைய கட்டளைகளுக்குள்ளும் 'இந்த வரிக்குப் போ' என்பவை இருக்கலாம். மேலே மூன்று வரி நுழைந்ததால் அவற்றின் எண்கள் மூன்று தள்ளிப் போயிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு பிஜிசியில் எல்லாக் கட்டளைகளும் சேர்ந்து 128ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு, சாதாரண வட்டில் அது இடிக்காது. பழைய கட்டளைகளிலேயே ஒரு செட்எஸ்டிஎன் இருந்தால் அது உங்களுக்குப் பிறகு ஓடி எல்லாவற்றையும் மாற்றிவிடும். அப்போது புதிதாக எழுதுவதைவிட அதிலுள்ள எண்களை மாற்றுவதே எளிது.

9. ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால்

படத்தின் விகிதம் 4:3 என்றோ 16:9 என்றோ ஐஎஃப்ஓவில் குறித்திருக்கும். தவறாக இருந்தால் ஐஎஃப்ஓஎடிட்டில் வீடியோ பண்பை மாற்றுங்கள். இதே குறி விஓபிக்குள் வீடியோ தரவின் ஹெடரிலும் உண்டு. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பிளேயர் ஐஎஃப்ஓவைப் பார்க்கும், கணினி பிளேயர்கள் சில வீடியோவைப் பார்க்கும். கணினியில் சரியாகவில்லை என்பதற்காகத் திரும்ப மாற்றிவிடாதீர்கள்.

10. சோதனை

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சேமி, டிரேஸ் ஓட்டு, விஎல்சியில் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திற, தொடக்கம் முதல் பார். விஎல்சியில் வட்டு மெனுவைத் தவிர் என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் திருத்தம் எதுவும் தெரியாது. விஎல்சியிலேயே விருப்ப மொழி அமைத்திருந்தால் அதையும் காலியாக்குங்கள், வட்டின் வேலையை விஎல்சி செய்துவிட்டு உங்களை ஏமாற்றும்.

படத்தின் கடைசி நிமிடத்துக்குப் போய், முடிந்தபின் என்ன ஆகிறது என்று கட்டாயம் பாருங்கள். நடுவில் மெனு பொத்தானை அழுத்தித் திரும்பி வந்தும் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பர்ன் செய்பவர்களுக்காகத்தான் வெற்று வட்டுக் கம்பெனிகள் பிழைக்கின்றன.

11. பர்ன் செய்வது

முதலில் ஆர்டபிள்யூ வட்டில். விண்டோஸில் ஃபோல்டரை இழுத்துப் போட்டு எழுதாதீர்கள், யுஎஸ்பி போலப் பயன்படுத்தும் வடிவத்தில் எழுதிவிட்டால் டிவி பிளேயர் அதைச் சீந்தாது. இம்க்பர்னில் ஃபோல்டரிலிருந்து வட்டு உருவாக்கும் முறையைத் தேர்ந்து வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கொடுங்கள். டிவிடி வீடியோ என்று தானே கண்டுகொண்டு அமைப்புகளைக் கேட்டு மாற்றிக்கொள்ளும், ஐஎஃப்ஓவுக்கும் பியுபிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியையும் பார்த்துக்கொள்ளும்.

அளவைக் கவனியுங்கள். அட்டையில் 4.7 ஜிபி என்று இருக்கும் வட்டில் விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபிதான் கொள்ளும். 8.5 என்றால் 7.95. இரட்டை அடுக்கு வட்டென்றால் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம் ஒரு செல்லின் தொடக்கத்தில் அமைய வேண்டும். இம்க்பர்ன் பொருத்தமான இடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும், காட்சி மாறும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தால் அந்த நொடி நேரத் தயக்கம் உறுத்தாது.

வேகத்தை 4 மடங்கு அல்லது அதற்குப் பக்கத்தில் வையுங்கள். முழு ஒற்றை அடுக்கு வட்டுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். பழைய பிளேயர் டிவிடி பிளஸ் ஆர் வட்டை ஏற்கவில்லை என்றால், டிரைவ் இடம் கொடுத்தால், புக் டைப்பை (வட்டு எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறி) டிவிடி ரோம் என்று மாற்றி எழுதிப் பாருங்கள்.

டிவி பிளேயரில் போட்டுப் பார்க்கையில் இன்னொரு ஏமாற்று. பல பிளேயர்கள் ஏற்கெனவே பார்த்த வட்டின் இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதே படத்தின் திருத்திய நகலைப் போட்டால் பழைய இடத்திலிருந்தே தொடரும், ஃபர்ஸ்ட் பிளே பக்கமே போகாது. திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஸ்டாப் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டுப் பிளே அழுத்துங்கள்.

ஆர்டபிள்யூவில் எல்லாம் சரியாக ஓடியபின் அதே ஃபோல்டரை நிரந்தர வட்டில் எழுதுங்கள். 'அசல்' ஃபோல்டரையும் அந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். பெரியவர் பார்த்துவிட்டு, "அந்த ஆரம்பத்துப் பாட்டு நல்லா இருந்துச்சே, அது எங்கே?" என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் கேட்டார்.